சுவருக்குள் போன சட்டை

காரைக்குடியில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று சொல்லவே மாட்டார்கள். "இப்பிடியே நேராப் போயி, அங்குட்டுத் திரும்பி, அங்ஙன யார்கிட்டயாச்சும் கேளுங்க" என்பார்கள். சொன்னவருக்கும் வழி தெரியாது என்பது அடுத்த ஆளிடம் கேட்கும்போதுதான் நமக்கு விளங்கும். நானும் அந்த ஊர்க்காரன்தான். பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். "இந்தக் கலர் எத்தன வருசம் நிக்கும்ணே?" என்று கேட்டால், "உங்க பேரன் கல்யாணம் வரைக்கும் நிக்கும்" என்று நாக்கு தானாகச் சொல்லிவிடும். கேட்டவருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.

இப்படிப்பட்ட ஊரில், என் வீட்டு மாடியில் கொஞ்ச காலம் குடியிருந்த ஒரு டாக்டரம்மா, தெரியாது என்று சொல்வதையே பிழைப்பாக வைத்திருந்தார்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்க்கும் டாக்டர். நாற்பது வயதிருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒல்லியாக, நரைத்த முடியைச் சாயம் பூசாமல், காட்டன் சுடிதாரில் இருப்பார். பெயிண்ட் கடைக்காரன் வீட்டில் குடிவந்துவிட்டு, "சுவரு வெள்ளையாவே இருக்கட்டும்ணே" என்றவர். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "தெரியாது". உடனே இரண்டாவது சொல்லும் வந்துவிடும்: "பாப்போம்." மழை வருமா டாக்டரம்மா? "தெரியாது. பாப்போம்." சொல்லிவிட்டு நிஜமாகவே மாடி ஓரத்துக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். மற்றவர்கள் தெரியாது என்று சொல்லும்போது முகம் சுருங்கும். இவருக்கு முகம் மலரும். யாரோ மிட்டாய்ப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தது போல இருக்கும்.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். என் கடைக்கு வரும் ஒருவர் ஒருநாள் கொதித்துப்போய் வந்தார். "என்னண்ணே உங்க மாடி வீட்டம்மா? வயித்துல என்னமோ இருக்குங்கறாக, என்னான்னு கேட்டா தெரியாதுங்கறாக. தெரியாதுன்னு சொல்றதுக்கா காசு குடுத்துப் படுத்தேன்?" அவரே இரண்டு மாதம் கழித்து வந்து, "மருதயில போயிப் பாத்தேன். ஒண்ணுமில்லேன்னுட்டாக. ஆனா அந்தம்மா ஒரு வார்த்தை ஒண்ணுமில்லேன்னு சொல்லட்டும், அப்பத்தான் நம்புவேன்" என்றார். அந்தத் தெரியாதுக்கு ஊரில் அப்படி ஒரு மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் அந்தக் கேமராவைப் பார்த்தேன். சோப்பு டப்பா அளவு. முழுக்கக் கறுப்பு. லென்ஸ்கூட வெளியே துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

"சிறுசா இருக்கே டாக்டரம்மா. விலையும் சிறுசா?"

விலையைச் சொன்னார். நான் அப்போது ஓட்டிக்கொண்டிருந்த பழைய காரை அந்த விலைக்கு வாங்கி, மிச்சத்தில் நாலு டயரும் மாற்றிவிடலாம்.

"இம்புட்டு விலைன்னா கலரு அப்பிடியே கண்ணைப் பறிக்குமே!"

"கறுப்பு வெள்ளை மட்டுந்தாண்ணே எடுக்கும்."

எங்கள் தொழிலில் வெள்ளைப் பெயிண்ட் விலை குறைவு. நிறத்தைச் சேர்க்கச் சேர்க்கத்தான் விலை ஏறும். நிறமே இல்லாத சாமானுக்கு எவனோ இந்த அம்மாவை நன்றாக ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் அப்படியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே. "ஆமாமா, கேள்விப்பட்டிருக்கேன்" என்று தலையாட்டினேன். ஆட்டிய தலைக்குள் நான் போட்டுவைத்த கணக்கு இதுதான்: எல்லாச் செல்போனையும் போல இதுவும் கலரில்தான் எடுக்கும், பிறகு நிறத்தை எடுத்துவிட்டுக் காட்டும். வேண்டும்போது கேட்டால் உள்ளிருந்து எடுத்துக் கொடுப்பார். இந்தக் கணக்குதான் பின்னால் என்னைக் கொண்டுபோய்ச் சுவரில் மோத வைத்தது.

அதற்கு முன்னால் என் மனைவியின் பொட்டு காணாமல் போன கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன என் மனைவியை டாக்டரம்மா ஒரு படம் எடுத்தார். மறுநாள் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். அருமையான படம். வானம் மழைக்காலத்து ராத்திரி மாதிரிக் கறுத்திருந்தது. என் மனைவியின் முகம் விளக்குப் போட்டது போல இருந்தது. அந்த முகத்தில் பொட்டு இல்லை.

"எம் பொட்டு எங்க?" என்றாள். குரலே சரியில்லை.

கோயிலில் வைத்த குங்குமம், காலணா அகலத்துக்கு இருந்தது. நானே பார்த்தேன். படத்தில் நெற்றி துடைத்துவிட்டது போல இருந்தது. வெள்ளிக்கிழமை எடுத்த படத்தில் சுமங்கலிக்குப் பொட்டு இல்லையென்றால் ஆபத்து யாருக்கு? படத்திலேயே இல்லாத எனக்குத்தான். இரண்டு மெடிக்கல் ஷாப்பில் பிரஷர் பார்த்தேன். முதல் கடையில் கூடுதல் என்றார்கள். அதைக் கேட்டதும் இரண்டாவது கடையில் இன்னும் கூடிவிட்டது. நெஞ்சின் இடது பக்கம் வலித்தது. நெஞ்சுக்கு இடது பக்கம் எது என்று சரிபார்த்துக்கொண்டு மறுபடியும் வலித்தது.

டாக்டரம்மா மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை அகலமாக விரித்தார். "அட! இதை நான் கவனிக்கலையே. வானம் கறுப்பா வரட்டும்னு சிவப்புக் கண்ணாடியை இறக்கினேன். இந்தக் கேமராவுக்குள்ளயே அது இருக்கு, ஒரு பட்டனைத் தட்டினா இறங்கும். அது வழியாப் பார்த்தா சிவப்பெல்லாம் வெளுத்துரும். பொட்டு நெத்தியோட கலந்துருச்சு."

"எல்லாச் சிவப்பும் போயிருமா?" என் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தெரியாது. பாப்போம்."

அன்று சாயங்காலம் முழுக்க என் மனைவி மாடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கோயில் குங்குமம், அரக்கு ஸ்டிக்கர், கறுப்பு ஸ்டிக்கர், கடைசியில் மிளகாய்த்தூள் வரைக்கும் நெற்றியில் ஏறி இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியை இறக்கி ஒன்று, இறக்காமல் ஒன்று. கண்ணாடி இல்லையென்றால் சிவப்புப் பொட்டு கறுப்பாக நிற்கிறது, இறக்கினால் ஓடிவிடுகிறது; கறுப்பு ஸ்டிக்கர் மட்டும் எதற்கும் அசையவில்லை. இரண்டு பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்துச் சிரித்த சிரிப்பில், கீழே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை. நானும் திங்கட்கிழமை டாக்டரம்மாவிடமே ஸ்கேனுக்குப் போய்ப் படுத்தேன்.

திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ அசைந்தது. "அது என்ன டாக்டரம்மா, கறுப்பா?" என்றேன். "தெரியாது" என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. "பாப்போம். மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார். பிடித்தேன். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" "வெள்ளைப் பணியாரம்." "எத்தனை?" பதில் சொன்னேன். "அப்ப அதுதான்" என்றார். இத்துடன் என் மரணம் ஒத்திவைக்கப்பட்டது.

இனி சுவர்.

மானகிரிப் பக்கம் ஒரு பெரிய வீடு. பங்காளிகள் பலருக்குப் பொதுவானது. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். கல்யாணம், அறுபது வயதுக்குச் செய்யும் சாந்தி என்றால் திறப்பார்கள். எல்லாப் பங்காளிகளும் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. ஒரு பங்காளியின் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா என் கடைக்கு வந்து, வளவைச் சுற்றி ஓடும் பட்டையை மட்டுமாவது புதிதாக அடித்துவிட வேண்டும் என்றார். வளவு என்பது வீட்டுக்கு நடுவில் இருக்கும் முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். கல்யாணமே அங்கேதான் நடக்கும். சுவரில் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு, கீழே கழுத்துயரம் வரைக்கும் ஆயில் பெயிண்ட் பட்டை.

"ஒரே கண்டிசன் தம்பி. பழைய கலரு மாறக் கூடாது. அதுக்குத்தான் எல்லாரும் சம்மதிச்சிருக்காக."

"கண்ணை மூடிக்கிட்டு இருங்கண்ணே. ஒரு நூலு மாறாது" என்றேன். வழக்கம் போலத்தான்.

வீட்டைப் பார்க்கப் போனபோது டாக்டரம்மாவும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் கேமராவோடு எங்கேயாவது கிளம்பிவிடுவார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பூ எது, நிழல் எது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவரிடம், "அந்தப் பட்டையை ஒரு படம் எடுத்து வச்சிருங்க டாக்டரம்மா. உங்க கேமராவுக்கு ஈடா எங்க போன் வருமா?" என்றேன். ஒரு வம்புக்கு நானும் சுவரோரமாகப் போய் நின்றேன். அன்றுதான் புதிதாகப் போட்ட ஆரஞ்சுச் சட்டை. என் மனைவி அதற்குச் சாமியார் சட்டை என்று பெயர் வைத்திருந்தாள். டாக்டரம்மா எதையோ கேட்க வாயைத் திறந்தார். "எடுங்க எடுங்க, வெளிச்சம் போகுது" என்று நான் விரட்டினேன். எடுத்தார்.

அந்த வாரமே பெயிண்டர் ஆட்களை விட்டு, பட்டை முழுவதையும் சுரண்டி, தேய்த்து, கழுவிவிட்டார். பிறகு கலர் கலக்கலாம் என்று உட்கார்ந்தேன். மாடிக்குப் போய், "அந்தப் படத்தைக் கலரோட அனுப்பிருங்க" என்றேன்.

"கலரா? அதுல ஏதுண்ணே கலர்?"

"கலரை நீங்க எடுத்துட்டுத்தானே காட்டுவீக. எடுக்காம அனுப்புங்க."

அவர் என்னை உட்காரச் சொன்னார். "சாதாரணக் கேமராவுல ஒவ்வொரு புள்ளி மேலயும் சிவப்பு, பச்சை, நீலம்னு ஒரு சல்லடை இருக்கும்ணே. ஒரு புள்ளிக்கு ஒரு கலர்தான் தெரியும். மத்த ரெண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகம் பண்ணிக்கும். இதுல அந்தச் சல்லடையே கிடையாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்துதுன்னு மட்டும் இதுக்குத் தெரியும். என்ன கலர்னு தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாது."

அந்த நிமிஷத்தில் இரண்டு விஷயம் எனக்கு விளங்கியது. ஒன்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கேமராவாகத் தேடிப் பிடித்து இந்த அம்மாள் வாங்கியிருக்கிறார். இரண்டு, நான் செத்தேன்.

கேமராவை நம்பி நானும் சுவரைச் சரியாகப் பார்க்கவில்லை; சுரண்டிய ஆட்களோ ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். பிள்ளையார்பட்டிக்கு நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். தேங்காய் விலை ஞாபகம் வந்ததும் பதினொன்றாகக் குறைத்தேன். கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டு ராமேசுவரம் போய்விடலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் அப்பா போன் செய்தார். தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "பழைய படம் ஏதாச்சும் இருந்தா அனுப்புங்கண்ணே, சும்மா ஒத்துப் பாக்கத்தான்" என்றேன்.

அவர் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவைத்தார். படங்கள் வந்து குவிந்தன. ஒன்றில் பட்டை பச்சை. அடுத்ததில் நீலம். டியூப்லைட்டில் எடுத்ததில் ஒரு நிறம், ஃபிளாஷில் எடுத்ததில் ஒரு நிறம். யாரோ முகம் சிவப்பாக வர வேண்டும் என்று திருத்திய படத்தில் சுவர் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. அவ்வளவும் கலர்ப் படம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. குழு இரண்டாகப் பிரிந்தது. பெண்ணின் அப்பாவும் பெரும்பாலானவர்களும் பச்சை. நீலம் என்று நின்றவர் ஒருவர்தான். பங்காளிகளில் மூத்தவர், சென்னையில் தனியாக இருக்கிறவர். எல்லோரும் அவரைப் பெரியண்ணன் என்பார்கள்.

"கடைசியா அந்தப் பட்டைய அடிச்சப்ப நான்தான் கூட நின்னு அடிக்கச் சொன்னேன். நீலம். வேற எதை அடிச்சாலும் நான் கல்யாணத்துக்கு வரல" என்று குழுவில் குரல் அனுப்பினார்.

மூத்த பங்காளி வராமல் அந்த வீட்டில் கல்யாணம் நடத்துவது பெண்ணின் அப்பாவுக்கு நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம். இது போதாதென்று பெரியண்ணனின் மகன் எனக்குப் போன் செய்தார்.

"அங்கிள், அப்பாவுக்குக் கொஞ்ச நாளா மறதி. அடுப்பை அணைக்க மறந்துடறார். எங்ககூட வந்து இருங்கன்னா கேக்க மாட்டேங்கறார். இப்ப இந்தச் சுவர்ல வந்து நிக்கறார். 'அது பச்சைன்னு நிரூபிச்சுட்டா, வீட்டைப் பூட்டிச் சாவியை உன் கையில குடுத்துட்டு வந்துடறேன்டா'ன்னு சவால் விட்டிருக்கார். நீங்க பச்சைதான்னு மட்டும் காட்டிடுங்க."

நான் ஒரு டப்பா பெயிண்ட் விற்க வந்தவன். ஒரு மனுஷனின் வீட்டுச் சாவி எப்படி என் கைக்கு வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. மாடிப்படியில் நின்று டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "அது என்ன கலர் டாக்டரம்மா? நீங்களும்தானே பாத்தீக?"

"ஞாபகம் இல்ல. பச்சைன்னு நினைச்சா பச்சை ஞாபகம் வருது. நீலம்னா நீலம் வருது. தெரியாது." சொல்லிக்கொண்டே படியிறங்கத் தொடங்கினார். "பாப்போம். சுரண்டின பெயிண்ட் எங்க?"

கொல்லைப் பள்ளத்தில் கொட்டியிருந்தார்கள். இரண்டு பேரும் குச்சியை வைத்துக் கிளறியதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சில்லு உடையாமல் கிடைத்தது. நான் சாமி கும்பிட்டுக்கொண்டே திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் வெளிர்ப் பச்சை. மறுபக்கம் அதைவிட அழுத்தமான நீலம். ஒரு பூச்சின் மேல் இன்னொரு பூச்சு. எது வெளியே பார்த்த பக்கம், எது சுவரைப் பார்த்த பக்கம்? அந்தச் சில்லும் தெரியாது என்றுதான் சொன்னது.

டாக்டரம்மா அன்றெடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். என்னைப் பார்த்தேன். என்னைக் காணவில்லை. வெள்ளைச் சுவரில் என் தலை தொங்கியது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கை. கீழே ஒரு வேட்டி. நடுவில் வெறும் சுவர். ஆரஞ்சுச் சட்டையும் அந்தப் பட்டையும் ஒரே சாம்பலாகிக் கலந்துபோயிருந்தன.

"பாத்தீங்களாண்ணே! உங்க சட்டையும் சுவரும் ஒரே வெளிச்சம். இந்தச் சில்லுல எந்தப் பக்கம் அந்தச் சட்டை மேல வச்சா காணாமப் போகுதோ, அதுதான் வெளிப்பக்கம்." உடனே முகம் மாறியது. "ஆனா அன்னைக்குச் சிவப்புக் கண்ணாடியை இறக்கினேனா இல்லையா? இறக்கியிருந்தா கணக்கே வேற."

எனக்கு மறுபடியும் வேர்த்தது. அவர் படத்தில் தொங்கிக்கொண்டிருந்த என் தலையைப் பெரிதாக்கினார். விபூதிக்கு நடுவே, அன்று போகும் வழியில் கோயிலூர்க் கோயிலில் வைத்த குங்குமம் கறுப்பாக, கெட்டியாக உட்கார்ந்திருந்தது.

"பொட்டு இருக்கு" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. "அப்ப கண்ணாடி இறங்கல!"

இனி சட்டை வேண்டும். "எந்தச் சட்டை? அந்தச் சாமியார் சட்டையா?" என்றாள் என் மனைவி. "அதுலதான் மறுநாளே எனாமல் டப்பாவைக் கவுத்துக்கிட்டு வந்தீகளே. கடையில கை துடைக்கக் குடுத்துட்டேன்." கடைக்கு ஓடினேன். பெயிண்ட் கலக்கும் மேஜையடியில், கடையில் உள்ள அத்தனை நிறத்தையும் துடைத்த கோலத்தில் அது கிடந்தது. ஆரஞ்சு என்று சொல்ல ஒரு விரலகலம்கூட மிச்சமில்லை. டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. சட்டைப் பாக்கெட்டின் தையலைப் பிரித்தார். அதற்குப் பின்னால் சட்டை போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஒரு சதுரம் இருந்தது. நான் மூக்கை வைத்து முகர்ந்தேன். புதுத்துணி வாசனைதான் வந்தது. நிம்மதியாக இருந்தது.

பெரியண்ணன் முன்னாலேயே பார்த்துவிடலாம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். பெரியண்ணன் தன் மகனோடு காரில் வந்து இறங்கினார். எழுபது தாண்டிய வயது. நல்ல உயரம். சலவை வேட்டி. வளவுக்குள் வந்தவர் சுரண்டிக் கிடந்த சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"நீதான் பெயிண்ட்டுக் கடைக்காரனா? கலரைச் சுரண்டிட்டு என்ன கலருன்னு கேக்குற மொத ஆளு நீதான்ப்பா."

"எல்லாத்துக்கும் ஒரு மொத ஆளு வேணும்ல அண்ணே" என்றேன். அவர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா படத்தைக் காட்டி, செய்யப்போவதை விளக்கினார். அன்று போலவே சாயங்கால வெளிச்சம். சுவரோரம் ஒரு முக்காலி. அதில் சட்டைத் துணி. முதலில் சில்லின் நீலப் பக்கத்தை மேலே பார்க்க வைத்து ஒரு படம். பிறகு திருப்பி, பச்சைப் பக்கத்துக்கு ஒரு படம். கேமராவின் பின்பக்கத்துத் திரையை எல்லோரும் எட்டிப் பார்த்தோம். நீலம் வைத்த படத்தில் சில்லு தனியாக, துணியைவிடக் கறுத்துத் தெரிந்தது. பச்சை வைத்த படத்தில் துணி மட்டும்தான் இருந்தது. சில்லு எங்கே என்று விரலை வைத்துத் தேட வேண்டியிருந்தது.

"பச்சை" என்றார் பெண்ணின் அப்பா. உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். பெரியண்ணன் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார்.

பெரியண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ யாராவது பேசாமல் நின்றால் தாங்காது. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"அண்ணன் சொன்னதுலயும் தப்பில்லைல்ல! நீலம் அதுக்கு முந்தின பூச்சு. அண்ணனுக்குப் பழசெல்லாம் அப்பிடியே ஞாபகம் இருக்கு, புதுசுதான்..."

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தத்தான் செய்தேன், ஆனால் வார்த்தை போய்விட்டது. மகன் அப்பாவைப் பார்த்தார். "அதேதாம்ப்பா சென்னையில நான் விசாரிச்ச டாக்டரும் கேட்டார். பழசு இருக்கா, புதுசு போகுதான்னு" என்றார் மெதுவாக. பெரியண்ணன் சுவரில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி.

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டரம்மா. துணியைக் கையில் எடுத்து விரலால் தேய்த்தார். "இது கடையில துடைக்கிறதுக்குக் கிடந்த துணி. பெயிண்ட்டைக் கரைக்கிற தின்னர் பட்டிருக்கலாம். பட்டிருந்தா சாயம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்படின்னா இந்தக் கணக்கும் மாறும்."

"என்ன சொல்றீங்க மேடம்?" என்றார் மகன். "பச்சையா இல்லையா?"

"பச்சையா இருக்கலாம். முழுசாத் தெரியாது."

பெரியண்ணன் நிமிர்ந்தார். "அப்ப நீலமா இருக்க வழி இருக்குங்கறியாம்மா?"

"இருக்கு."

"எம்புட்டு?"

"தெரியாதுங்கய்யா."

அவர் அந்த அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பாவின் தோளில் தட்டினார். "பச்சையே அடிங்கப்பா. கல்யாண வீட்டுல என்ன வம்பு? ஆனா எனக்கு மறந்துபோச்சுன்னு ஒரு பய சொல்லக் கூடாது. தெரியாதுன்னு வேணும்னா சொல்லிக்கங்க."

கிளம்பும்போது டாக்டரம்மா அவரிடம் தனியாகப் போய், "சென்னை போனதும் ஒரு நல்ல டாக்டரை ஒரு தடவை பாருங்கய்யா. பயப்படறதுக்கு இல்ல. பாத்துக்கறதுக்கு" என்றார்.

"ஒன்ன மாதிரி தெரியாதுன்னு சொல்ற டாக்டர் அங்க யாராச்சும் இருந்தாச் சொல்லும்மா. போறேன்" என்றார் அவர்.

அந்த இடத்திலேயே டாக்டரம்மா ஒரு பெயரைச் சொன்னார். பெரியண்ணன் மகனைக் கூப்பிட்டு அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுச் சாவியை அவர் கொடுக்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. பெரியண்ணன் பச்சைப் பட்டைக்கு முன்னால் நின்று டாக்டரம்மாவைப் படம் எடுக்கச் சொன்னார். சென்னை வீட்டுக் கூடத்தில் அதை மாட்டியிருப்பதாகக் கேள்வி. வருகிறவர்களிடம், "பின்னால தெரியுது பாரு, அதே நீலம்" என்பாராம். கறுப்பு வெள்ளைப் படம். யார் மறுக்க முடியும்?

அடுத்த வருடம் டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார். மாடிச் சுவர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. என் தலை தொங்கும் படம் கடையில், கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது.

சில்லை வைத்துப் பார்த்த அன்று, மானகிரியிலிருந்து திரும்பும்போது காரில் நாங்கள் இருவர்தான். பாக்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சதுரம் என் மூக்கிலேயே நின்றது. பெயிண்ட் கடைக்காரனுக்கு வேறு எது தெரியாமல் போனாலும் தின்னர் வாசனை தெரியாமல் போகாது. ஒரு சொட்டு பட்டிருந்தால் ஒரு மாதத்துக்கு அடிக்கும்.

"டாக்டரம்மா, அந்தத் துணிய நான் மோந்து பாத்தேன்ல. அதுல தின்னரே படல. உங்களுக்கும் தெரியும்தானே?"

மடியில் கேமரா. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுண்ணே" என்றார்.

வழக்கமாக வரும் இரண்டாவது சொல்லுக்காகக் காரைக்குடி எல்லை வரைக்கும் காத்திருந்தேன். வரவில்லை.